அக்கரையில் நிற்கும் நம் பயணி

குருநகர்,
யாழ்ப்பாணம்.
10.03.2025

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய கணவர் அன்ரன் றஞ்சித் அவர்கட்கு,

தங்கள் மனைவி கத்தரீனா வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். தங்கள் தமக்கையார் இராசமலர் மச்சாளும் முழங்கால் நோவைத் தவிர நலமே. தாங்கள் கேட்ட வினாவுக்கு விடையளிக்க இத்தனை நாள் தாமதித்தமைக்கு முதற்கண் என்னை மன்னிக்க வேண்டும். சோம்பலால் நேர்ந்த தாமதம் அன்று. நான் பயணத்தில் இருந்தேன். எந்தப் பயணம் என்பதைக் கடிதத்தின் போக்கில் அறிவீர்கள்.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று எண்ணக்கூடும். தொலைபேசியில் தங்களுக்குச் சங்கடமான பேச்சை நான் எடுத்தால், "சரி, பிறகு கதைப்பம், இஞ்சை ஆள் வருது" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைத்துவிட இயலாது. பாதியில் மடித்தாலும் மிகுதி உள்ளேயே காத்திருக்கும்.

தங்கள் வினா இது. "இஞ்சை குசினியிலை என்னோடை நிக்கிற ஒருத்தன் கேக்கிறான், சண்டை சச்சரவு இல்லாமல் சும்மா சுத்தித் திரியிறதுக்கு எந்தக் கேம் திறமெண்டு. நீர்தானே உதிலை விண்ணி" என்று குரற்பதிவில் கேட்டிருந்தீர்கள். பகிடியாகச் சொன்னீர்களோ, அறியேன். கெட்டிக்காரி என்று தாங்கள் தந்த பட்டமாகவே நான் அதை ஏற்றுக்கொண்டேன். ஒன்பதாம் வகுப்போடு இடப்பெயர்வு என் பள்ளியைப் பறித்தது. அதன் பின் தமிழைச் செய்தித்தாளிலும் ஆங்கிலத்தை அகராதியிலும் நானே கற்றேன். தாங்கள் பாரிசிலிருந்து அனுப்பிய விளையாட்டுப் பெட்டியையும் அவ்வாறே கற்றேன். அதன் கையேடு பிரெஞ்சு மொழியில் இருந்தமையால், ஒவ்வொரு பொத்தானாக அழுத்தி, எது என்ன செய்கிறது என்று பார்த்து அறிந்தேன். ஆகையால் என் தீர்ப்பைத் தங்கள் நண்பர் நம்பலாம்.

பெட்டியிலுள்ள மூன்று விளையாட்டுகளும் திறந்த உலகம் என்று சொல்லப்படுபவை. கொடுத்த வேலையைச் செய்யாமல் விருப்பப்படி எத்திசையும் போகலாம். முதலாவது, மோட்டார் வண்டிகள் நிறைந்த நகரம். அழகான நகரம்தான். சிவப்பு விளக்கு எரிந்தால் அங்கு வண்டியை நிறுத்திய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒருநாள் விளக்குக் கம்பமொன்றில் இலேசாக உராய்ந்தேன். உடனே பொலிசார் துரத்தினர். நான் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, மன்னிப்புக் கேட்கும் பொத்தான் எதுவெனத் தேடினேன். அப்படி ஒரு பொத்தான் அந்த உலகத்தில் இல்லை. மேலும், அங்குள்ள மாளிகைகளின் கதவுகள் பெரும்பாலும் சுவரில் வரைந்தவை. தட்டினாலும் திறவா.

இரண்டாவது, விண்கலத்தில் ஏறிக் கோள்களுக்குப் போவது. எண்ணித் தீராத கோள்கள். கண்டவற்றுக்கு நாமே பெயரிடலாம். நீலக் கடலுள்ள ஒன்றுக்குக் குருநகர் என்றும், காற்றுச் சற்றுக் குறைந்த ஒன்றுக்குப் பாசையூர் என்றும் பெயரிட்டேன். இதை நம் அயலூர்ப் பாசையூரார் எவருக்கும் சொல்லிவிட வேண்டாம். ஆனால் எங்கு இறங்கினாலும் "வந்திட்டியோ" என்று கேட்க ஒரு சீவன் இல்லை. அவ்வளவு பெரிய வெளியில் அது பெருங்குறை.

எனவே என் தீர்ப்பு மூன்றாவதற்கே. அதுதான் நம் குதிரைக்காரன் திரியும் மலைநாடு. கண்ணுக்குத் தெரியும் எந்த மலைக்கும் நடந்தே போய்விடலாம். தட்டினால் கதவு திறக்கும். உள்ளே ஒருவர் அடுப்பைக் கிளறிக்கொண்டிருப்பார். மழை பிடித்தால் குதிரையும் நானும் பாறையடியில் ஒதுங்கி நிற்போம். மச்சாள் முதலில் வாசலில் நின்று, "நாப்பத்திநாலு வயசிலை குதிரை ஓட்டம். சோறு அடிப்பிடிக்குது, ராசாத்தி வேட்டைக்குப் போட்டா" என்று ஊருக்குக் கேட்கச் சொன்னவர். இப்போது கதிரையை இழுத்துப்போட்டு என் பக்கத்திலிருந்து, "எடியே, அந்த ஆத்துக்கு அங்காலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பார்" என்கிறார். சோறு இன்னமும் அடிப்பிடிக்கத்தான் செய்கிறது. இப்போது அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

இன்னொரு காரணத்தைத் தங்கள் நண்பருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாங்கள் அங்கும் நான் இங்கும் ஒரே கணக்கைத் திறந்து விளையாடுவதால், அந்த மலைநாட்டில் மட்டும் நாமிருவரும் ஒரே பயணியாய் இருக்கிறோம். தாங்கள் வேலை முடிந்து விளையாடிவிட்டு உறங்கப் போகும் வேளையில் எனக்கு இங்கு விடிகிறது. தாங்கள் விட்ட இடத்திலிருந்து நான் தொடர்கிறேன். நான் விட்ட இடத்திலிருந்து தாங்கள் தொடர்கிறீர்கள். ஒன்பது ஆண்டுகளாக ஒரே கூரையின் கீழ் இல்லாத நமக்கு, ஒரே குதிரையாவது வாய்த்தது.

ஆனால் கடந்த ஆவணி முதல் ஒன்றைக் கவனித்து வந்தேன். நான் எந்த மலைக்கு அவனைக் கொண்டுபோய் விட்டாலும், மறுநாள் விடிய அவன் தலைநகரின் அதே விடுதியில், அதே கட்டிலில் கிடப்பான். தாங்கள் வரைபடத்தில் அழுத்தி ஒரே தாவலில் அவனைத் திருப்பிக் கொண்டுவந்து கதவைச் சாத்தியிருப்பீர்கள். கேட்டபோது, "வெளியிலை விட்டால் ஓநாய் கடிக்குமெல்லே" என்றீர்கள். நான் ஒவ்வொரு விடியலிலும் கதவைத் திறந்து அவனை வெளியே கூட்டிப்போனேன்.

வடமலை உச்சியில் ஒரு மாலை நின்றபோது, கடலின் அக்கரையில் ஓர் ஒளி தெரிந்தது. தங்களிடம் சொன்னேன். "அது சும்மா படம். அந்தக் கடலைக் கடக்கேலாது, கொஞ்சத் தூரம் போகத் திருப்பி விட்டிடும்" என்றீர்கள். நானும் நம்பினேன். பிறகு யோசித்தேன். படத்தில் வரைந்த ஒளி ஏன் இரவில் எரிந்து பகலில் அணைகிறது? யாரோ ஏற்றுகிறார்கள் அல்லவா?

படகொன்று பெற்றுப் புறப்பட்டேன். முதல் முறை பாறையில் மோதிப் படகு உடைந்தது. அடுத்த முறை உணவு போதாமல் பயணி குளிரில் விறைத்துப் போனான். மச்சாள், "காணும் பிள்ளை, பாவமாக் கிடக்கு, விடு" என்று கண்ணைத் துடைத்தார். நான் விடவில்லை. கரையை ஒட்டியே போய், கடல் ஒடுங்கும் இடத்தைத் தேடிப் பிடித்து, காற்று மாறும்வரை காத்திருந்து கடந்தேன். தாங்கள் சொன்னபடி எதுவும் என்னைத் திருப்பி விடவில்லை. அங்கே ஒரு சிறு துறைமுகம் இருந்தது. வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்து பார்த்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி சொன்னார். அகராதியின் துணையின்றியே விளங்கிற்று. நெடுந்தூரம் வந்திருக்கிறீர், அமரும் என்றார். நான் தொலைக்காட்சிக்கு முன் எழுந்து நின்றுவிட்டேன். மச்சாள் கைதட்டினார்.

அக்கரையிலிருந்து விடுதிக்குத் தாவிச் செல்ல வழியில்லை. அதை அறிந்தே பயணியை அங்கு விட்டேன். அன்றிரவு தாங்கள் பெட்டியைத் திறந்து, "கத்தரீனா, இது எங்கை? நீர் என்னை எங்கை கொண்டுவந்து விட்டிருக்கிறீர்?" என்று அனுப்பிய குரற்பதிவை நான் பலமுறை கேட்டேன். அதன் முடிவில் சிரித்தீர்கள். ஆவணிக்குப் பின் தங்கள் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான்.

மறுநாள் விடிய நான் அஞ்சியபடியே திறந்தேன். தாங்கள் படகெடுத்துத் திரும்பியிருக்கவில்லை. கரையில் தீ மூட்டி, அவனை அதன் அருகில் கடல் பார்க்க இருத்தியிருந்தீர்கள். அந்தத் தீயைக் கண்ட பின்தான் அடுத்த பயணத்துக்கு எனக்குத் துணிவு வந்தது.

தங்களுக்குத் தெரியும், நான் ஒருபோதும் குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தனியே தாண்டியவள் அல்லள். சென்ற மாதம் காலை ரயிலேறி வவுனியா சென்று கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தேன். நிலையத்தில் இறங்கி நேர் எதிர்த்திசையில் நடந்துவிட்டேன். முன்பாயின் அழுதிருப்பேன். மலைநாட்டில் வழி தவறியபோதெல்லாம் ஏதாவது நல்லது எதிர்ப்பட்டமையால், இங்கும் எதிர்ப்படும் என்று நடந்தேன். ஒரு தேநீர்க்கடை எதிர்ப்பட்டது. கடைக்காரப் பெண், "அக்கா, நீங்கள் பாதை மாறி வந்திட்டியள், இருந்து ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டுப் போங்கோ" என்றார். குடித்துவிட்டு, அலுவலகத்தைக் கண்டுபிடித்து, கேட்ட வினாக்களுக்கெல்லாம் முழு வாக்கியத்தில் விடையளித்தேன்.

ஊர் திரும்பியபின்தான் மச்சாளிடம் சொன்னேன். அவர் கோயில் வாசலில் நின்று, "தனியவோ போனனீ?" என்றார். "ஓம் மச்சாள், தனியத்தான்" என்றேன். "குதிரையிலையோ?" என்று கேட்டார். இப்போது ஊர் முழுக்க இதே பகிடிதான். நான் தலை நிமிர்ந்தே நடக்கிறேன். கடவுச்சீட்டு கைக்கு வந்தது. இந்திய விசாவும் கிடைத்துவிட்டது.

இனித் தாங்கள் "பிறகு கதைப்பம்" என்று சொல்லும் விடயத்துக்கு வருகிறேன். தாங்கள் இந்நாட்டுக்கு வர இயலாது. அகதிப் பயணப் பத்திரம் அதற்கு இடம் தராது. ஆனால் இந்தியாவுக்கு வர இடம் தரும். நம் கோயில் பங்கிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வேளாங்கண்ணியில் அவ்வாறு சந்தித்திருக்கின்றன. நான் இதைக் கேட்டபோது, முதலில் விடுமுறை இல்லை என்றீர்கள். அடுத்த ஆண்டு பார்ப்போம் என்றீர்கள். கடைசியாக, "உமக்கு யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலையே திசை தெரியாது, கடல் தாண்டி எப்பிடியப்பா தனிய வருவீர்?" என்றீர்கள். அந்தக் கடைசிக் காரணம் இப்போது இல்லை. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பல் மீண்டும் ஓடத் தொடங்கிவிட்டது. உயிர்ப்பு ஞாயிறு கழிந்த வாரத்துக்கு நான் இடம் பதிந்துவிட்டேன். துறைமுகத்திலிருந்து மாதா கோயிலுக்குப் பேருந்து உண்டு. நேர் எதிர்ப் பேருந்தில் ஏறினாலும் கவலையில்லை, ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்து சேர்வேன்.

சொல்லாத காரணம் ஒன்று தங்களிடம் இருக்கிறது. அதை நான் அறிவேன். ஆவணியிலிருந்து, தாங்கள் விளையாடிய இரவுகளில், நம் பயணியின் தூணியில் அம்புகள் குறையவில்லை. வில்லில் தங்களை வெல்ல ஆளில்லை. நான் வீணாக்கிய அம்புகளுக்காக என்னை ஏசியவர் தாங்கள். அதே ஆவணியிலிருந்து கமரா பழுது என்று தங்கள் முகத்தைக் காட்டவில்லை. கையெழுத்தில் வரும் கடிதங்களும் நின்றுபோயின. ஒருநாள் நான் என் வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கையால் மட்டும் விளையாடிப் பார்த்தேன். நடக்க முடிந்தது. சிரமப்பட்டு விடுதிக்குத் தாவவும் தீ மூட்டவும் முடிந்தது. வில்லை மட்டும் இழுக்க முடியவில்லை. உணவகக் குசினியில் கொதிக்கும் எண்ணெயோடு நிற்பவருக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று அதன்பின் நான் எவரிடமும் கேட்கவில்லை. மச்சாளுக்கும் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் சொல்ல இடந்தாருங்கள். அந்த மலைநாட்டில் தாங்கள் நடந்தீர்கள், நான் வில்லெடுத்தேன். ஓநாய் ஒன்றும் நம்மைக் கடிக்கவில்லை. அங்கு ஆவணி முதல் நடந்ததுதான் இனி இங்கும் நடக்கப் போகிறது. தாங்கள் எனக்குக் காட்ட அஞ்சும் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் மாதாவின் முன் முழந்தாளிட விரும்புகிறேன். அந்தக் கையேதான் வேண்டும்.

பயணி இன்னும் அக்கரையில், தாங்கள் மூட்டிய தீயருகில் இருக்கிறான். அவனைத் திருப்பிக் கொண்டுபோக வேண்டாம். இம்முறை கடலை நான் கடக்கிறேன். தாங்கள் கரையில் நின்றால் போதும்.

அடைக்கல மாதா தங்களைக் கண்ணும் கருத்துமாய்க் காத்து, துறைவரை கொண்டுவந்து சேர்ப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனைவி,
றஞ்சித் கத்தரீனா

பி.கு.: இடக்கையால் எழுதினாலும் வாசித்துக்கொள்வேன். விரைவாகப் பதில் போடுங்கள்.