முழுக்கைச் சட்டை

தம்பிக்கு,

நீ துபாயிலிருந்து அனுப்பிய முழுக்கைச் சட்டை அப்பாவுக்கு அளவாக இருக்கிறது.

நான் நர்ஸாக இருக்கும் டயாலிசிஸ் வார்டுக்கு எப்போதும் அரைக்கைச் சட்டையில்தான் வருவார். ஊசி போட அதுதான் தோது. நேற்று உன் சட்டையைப் போட்டு, மணிக்கட்டுப் பொத்தானையும் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

“என்னப்பா, கல்யாணத்துக்கா போறீக? கையக் குடுங்க” என்றேன்.

“போதும் ஆத்தா. இனி வேணாம்.”

நிறுத்தினால் சில நாள்தான் என்று டாக்டர் சொன்னதற்கும் தலையாட்டினார். நீ போனில், “கையப் பிடிச்சாவது ஊசியப் போடுக்கா” என்று அழுதாய். வேண்டாமென்ற மற்றவர்களுக்கு அப்படிப் பிடித்துப் போட்டிருக்கிறேன், தம்பி. இந்தப் பொத்தானைக் கழற்ற மனசு வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் கேட்டார். இத்தனை நாளும் அளந்து கொடுத்த நான், சொம்பு நிறையக் கொடுத்தேன்.

கிளம்பி வா. நீ பார்க்கும்வரை சட்டையைக் கழற்றமாட்டாராம்.

உன் அக்கா