யோசிக்கிற முகம்

மார்ச் 3
ரிப்பேருக்குப் போன ஒரு வீட்டில் ஃபிரிட்ஜின் பின்பக்கத்தைக் கழற்றி வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கணவருக்கு போன் போட்டார்: "போச்சுங்க. புதுசுதான் வாங்கணும் போல." போயிருந்தது தெர்மோஸ்டாட் என்கிற சின்னப் பாகம் மட்டும்தான். அதற்குள் என் முகம் இரங்கல் தெரிவித்துவிட்டது.

மார்ச் 5
மகளுக்கு மூன்றாவது இன்டர்வியூவும் கைவிட்டுப் போனது. கணக்கர் வேலை. கேட்டதற்கெல்லாம் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். அங்கே வேலை பார்க்கும் தோழி விசாரித்துச் சொன்னாளாம் – உள்ளே நுழையும்போதே முகம் கடுகடுவென்று இருந்ததாம், நாலு பேரோடு ஒத்துப்போக மாட்டாள் என்று தள்ளிவிட்டார்களாம்.
கடுகடுவா? கையில் எறும்பு ஏறினால் ஊதிவிடுகிற பிள்ளை. யோசித்தால் புருவம் நெரியும், அவ்வளவுதான்.
அந்தப் புருவம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மனைவி மட்டும் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

மார்ச் 9
வீட்டில் ஒத்திகை. நான்தான் அதிகாரி. கெத்துக்காக மனைவியின் கண்ணாடியைப் போட்டதில் மகளே மங்கலாகத்தான் தெரிந்தாள். சிரித்துக்கொண்டே பதில் சொல்லம்மா என்றேன். சிரிப்பு வந்தால் பதில் மறந்தது. பதில் வந்தால் சிரிப்பு போனது. நானே சிரித்துக் காட்டினேன்.
"வேணாம்பா. பல்லு வலிக்கிற மாதிரி இருக்கு."

மார்ச் 14
நான்காவது. சொல்லிக்கொடுத்தபடியே சிரித்திருக்கிறாள். பழைய வேலை ஏன் போயிற்று என்று கேட்டார்களாம்.
"முதலாளி செத்துட்டாருன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டேன்பா."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் அழுதாள். சே, என்ன அப்பன் நான்?

மார்ச் 15
கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறாள். சாப்பிடவில்லை.

மார்ச் 21
ஐந்தாவது. நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டு, வாசலில் காத்திருந்தேன். திரும்பி வந்தவளின் முகம் அதே முகம். இதுவும் போச்சு என்று வண்டியை ஸ்டார்ட் செய்தேன் – பெற்றவனுக்கே தெரியவில்லை, அவர்களை என்ன சொல்ல?
கிடைத்துவிட்டதாம்!
உட்கார்ந்ததும் அவளே சொல்லியிருக்கிறாள்: "யோசிக்கும்போது என் முகம் இப்படித்தான் மேடம் இருக்கும். கோபமில்ல. எங்கப்பா முகம்." அந்த அம்மா சிரித்துவிட்டு, பிறகு கணக்கு மட்டும்தான் கேட்டாராம்.
"உங்க மேல பழியப் போட்டுட்டேன். பரவாயில்லையாப்பா?"
"வண்டில ஏறு" என்றேன். வழியெல்லாம் பல்லைக் காட்டிக்கொண்டே ஓட்டினேன். பின்னால் இருந்தவளுக்குத் தெரிந்திருக்காது.
அவள் பிறந்த அன்று நர்ஸ் என் கையில் கொடுத்து, அப்படியே அப்பா ஜாடை என்றார். புருவத்தை நெரித்துக்கொண்டு தூங்கினாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திக் காட்டினேனே – என் முகம் எனக்குப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான்.