கதவில் தொங்கும் பழக்கூடை

புனே

அன்புள்ள அம்மாவுக்கு வெனிலா வணக்கத்துடன் எழுதுவது. மாதா உங்கள் மூவரையும் காப்பாராக. முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரை போடுகிறாரா? நான் நலம்.

இந்தப் பார்சலில் இருப்பது ஆபீஸில் நான் வடிவமைத்த பழக்கூடை. மூன்று துணி வலைகள், ஒன்றன்கீழ் ஒன்றாகக் கதவின் பின்னால் தொங்கும். காலியானால் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். என் அறையில் மாட்டி, நிறையப் பழம் போட்டுப் பார்த்தேன். வலை தாங்கியது, பழம்தான் தாங்கவில்லை. தனி ஆள் எவ்வளவு தின்பது? வாழைப்பழம் கறுத்து, கொய்யா குழைந்து, மாடி முழுக்க மணம். மூன்று வலை வீண், ஒன்றே போதும் என்கிறார் மேலாளர். அப்படிச் செய்தால் அது என் கூடையே இல்லை. வீட்டில் எப்படிப் பயன்படுகிறது என்று காட்டினால் யோசிப்பாராம்.

போனில் நீங்கள் சிரித்தீர்களே, "பழத்த துன்னுவாங்களா, தொங்கவுட்டு வேடிக்க பாத்துக்கினு இருப்பாங்களாடி?" என்று. எனக்கும் அதுதான் தெரிய வேண்டும். குடும்பம் இருக்கும் வீட்டில் பழம் எப்படிக் குறைகிறது?

சமையலறைக் கதவில் மாட்டுங்கள். அப்பா திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வழக்கமாக வாங்குவதையே போடுங்கள். தினமும் சாயங்காலம் ஒரு போட்டோ அனுப்புங்கள். அடுப்படியும் நீங்களும் தெரிந்தால் நல்லது. சோதனை என்று சொல்லித் தம்பி அருண் கூடுதலாகத் தின்னக் கூடாது.

முக்கியமானது இது. போன தடவை வந்தபோது, எனக்கென்று நீங்கள் எடுத்துவைத்த கொய்யா ஃபிரிட்ஜ் மூலையில் அழுகிக் கிடந்தது. இந்த வாரம் என் பங்கை எடுத்துவைக்காதீர்கள், கணக்கு தப்பிவிடும்.

ஆபீஸ் வண்டி வந்துவிட்டது. ஒரு வாரம் மட்டும்தான் அம்மா. அப்புறம் எடுத்துவைக்கலாம்.

உங்கள் வெனிலா