புதுசு என்று நான் சொன்ன பிரேக் ஆயில்

ரியேகா,
ஏப்ரல் 14

அன்பு மகள் நெரினாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மழை ஊரில் சளி காய்ச்சல் என்று படுக்காமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் இதைத் தொடங்குகிறேன். போனில் நீ அம்மாவிடம் மட்டும் பேசுகிறாய், நான் வாங்கினால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறாய், அதில் தப்பில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நம் கட்டடத்தில் மூன்றாவது மாடியையும் சுற்றுலாக்காரர்களுக்கு விட்டுவிட்டார்கள், விடிந்தால் போதும், படிக்கட்டில் சக்கரப் பெட்டிகள் தடதடவென்று இறங்குகின்றன. உன்னோடு படித்த இருபத்தாறு பேரில் பதினேழு பேர் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று அம்மா விரல் விட்டுக் கணக்குச் சொல்கிறாள். இங்கே இருப்பவன் படுக்கை விரித்துக் கொடுக்கலாம், காபி ஊற்றிக் கொடுக்கலாம், இல்லாவிட்டால் என்னைப் போல, சனிக்கிழமை ஆனால் பந்தயத் தடத்தில் கார் ஓட்டுகிற பணக்காரர்களின் காருக்கு அடியில் படுக்கலாம். கப்பல் கட்டின ஊர் இது. இதையெல்லாம் எழுதுவது, எழுத வேண்டியதை எழுதப் பயந்துதான். இனி அதையே எழுதுகிறேன்.

அங்கே கார்க் நகரத்தில் நீ வேலை செய்கிற பஸ் டிப்போவில் பிரேக் பிரிவுக்கு உன்னைப் பொறுப்பாளராகப் போடக் கேட்டார்கள் என்றும் நீ மாட்டேன் என்றுவிட்டாய் என்றும் அம்மா சொன்னாள். என் கையை நம்பி எழுபது பேரை ஏத்தி அனுப்ப முடியாதும்மா, வேற யாராவது செக் பண்ணட்டும், நான் நட்டு முடுக்கிட்டுப் போறேன் என்று நீ சொன்னாயாம். இந்த மாதக் கடைசிக்குள் பெயர் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்களாம். அம்மா இதைச் சொல்லும்போது கணவாய் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நான் மேஜையில் உட்கார்ந்திருந்தேன், கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டேன். நெரினா, உன் கையில் தப்பில்லை. மூன்று வருஷத்துக்கு முன்பு டாக்டர் லோவ்ரோவின் மஞ்சள் கார் தடத்தோரம் டயர் அடுக்கிய சுவரில் மோதியதே, அந்த பிரேக் ஆயிலுக்குள் நீ ஏர், ஒரு காற்றுக் குமிழ்கூட, விட்டுவைக்கவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். பிறகு யோசித்துத் தெரிந்துகொண்டதில்லை, அன்றைக்கே, அவரைத் தூக்கி ஆம்புலன்ஸில் ஏற்றுவதற்கு முன்பே தெரியும்.

அந்த வெள்ளிக்கிழமையை நினைத்துப் பார். பல் டாக்டர் லோவ்ரோ, தடத்தில் நாலு சுற்றுக்கு மேல் பிரேக் தளர்கிறது என்று வந்தார், நீதான் உட்கார்ந்து பட்டியல் போட்டாய், முன்னால் பெரிய டிஸ்க், அந்த டிஸ்கைக் கவ்விப் பிடிக்கிற ஆறு பிஸ்டன் காலிப்பர், சூடு தாங்கும் பேட், இரும்புப் பின்னல் போட்ட டியூப், பம்பரிலிருந்து டிஸ்குக்குக் காற்று கொண்டுபோகும் குழாய், எல்லாவற்றுக்கும் கடைசியில் சூடு தாங்கும் புது பிரேக் ஆயில் என்று எழுதி அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டாய். எல்லாம் வந்தது, ஆயில் மட்டும் வரவில்லை, திங்கட்கிழமைதான் வரும் என்று திரியெஸ்தேயிலிருந்து சொல்லிவிட்டார்கள். நம் பட்டறை அலமாரியில் மூன்று டின்கள் திறந்து கிடந்தன, போன கோடையிலிருந்தே கிடந்தவை, இதெல்லாம் வேஸ்ட்டுப்பா தூக்கிப் போடு என்று நீ எத்தனை முறை சொல்லியிருப்பாய். நீ காபி குடிக்கப் போனபோது மூன்றின் அடி மிச்சத்தையும் ஒரே டின்னில் ஊற்றினேன். அந்த டின் புதிதாகத் தெரிந்தது, மூடியைத் துடைத்து வைத்தேன். மிச்சத்தை மிச்சத்தோடு சேர்ப்பது எனக்கு, நாட்டில் யுத்தம் நடந்து எதுவும் கிடைக்காத காலத்திலிருந்து பழக்கம், எண்ணெயை அப்படித்தான், கிரீஸை அப்படித்தான், ஒரு சொட்டையும் கொட்ட மாட்டேன். இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நீ வந்து டின்னைப் பார்த்து, புதுசாப்பா என்று கேட்டாய். புதுசு என்றேன். நீ என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே எடுத்துக்கொண்டு போய்க் குனிந்துகொண்டாய். ஏர் வெளியே எடுக்க ஒரு காலிப்பருக்கு இரண்டு நிப்பிள், நாலு சக்கரம், ஒன்றைக்கூட நீ விடவில்லை, நான் பெடலை மிதித்தேன், நீ மூடினாய், திறந்தாய், குமிழ் நிற்கும்வரை எண்ணினாய். அதைவிடச் சுத்தமாக நானே செய்திருக்க மாட்டேன்.

திறந்து வைத்த பிரேக் ஆயில் காற்றிலிருக்கிற ஈரத்தைக் குடிக்கும் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் ஊரில் தெற்குக் காற்று ஒரு வாரம் அடித்தால் உப்பே கரைந்து ஓடுகிறது, ஆயில் எம்மாத்திரம். ஈரம் ஏறிய ஆயில் சூட்டில் கொதிக்கும், கொதித்தால் ஆவி, ஆவியை மிதித்தால் பெடல் தரைக்குப் போகும். டிஸ்கையும் காலிப்பரையும் மாற்றி அந்தக் காரை இன்னும் வேகமாக ஓட்ட வைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நான் குப்பையை ஊற்றினேன். சிவப்புக் காலிப்பரை எல்லாரும் குனிந்து குனிந்து பார்த்தார்கள். மறுநாள் தடத்தில், ஐந்தாவது சுற்றில் நேர்பாதை முடிகிற இடத்தில் அந்த மனுஷன் மிதித்தார், ஒன்றுமில்லை, சரளைக்கல்லைத் தாண்டிச் சுவரில் போய் நின்றது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தது நான்தான். நாலு சுத்து பெடல் கல்லு மாதிரி இருந்துச்சு மேஸ்திரி, அஞ்சாவதுல பஞ்சாயிடுச்சு, என்ன பண்ணி வச்சீங்க என்றார். அந்த ஒரு வார்த்தை போதும். ஏர் இருந்திருந்தால் முதல் வளைவிலேயே பஞ்சாக இருந்திருக்கும். நீ அப்போது மறுகோடியில் டயர் அடுக்கிக்கொண்டிருந்தாய், இதைக் கேட்கவில்லை.

டுயிலியோ வந்தான், தடத்தில் காரையெல்லாம் சோதித்து விடுகிறவன், என்னோடு இருபது வருஷம் பழகினவன், யார்டா ஏர் எடுத்தது என்று கேட்டான். பொண்ணு என்றேன். அவ்வளவுதான் சொன்னேன், பொய் என்றுகூடச் சொல்ல முடியாது, எடுத்தது நீதானே. சுற்றி நின்ற பத்துப் பதினைந்து பேரும் ஆஹா, அதான் விஷயமா என்று தலையாட்டினார்கள். ஏர் எடுக்கச் சொன்னா ஏர் போட்டு வச்சிருக்கு பாப்பா என்று ஒருவன் சொன்னான், சிரித்தார்கள், நானும் வாயைக் கோணிக்கொண்டேன். ஏர் இருந்தால் நாலு சுற்று ஓடாது என்று அங்கே நின்ற ஒவ்வொருவனுக்கும் தெரியும், பிரேக்கைக் கழற்றிப் பார்த்தவன் எவனுக்கும் தெரியும். ஒருவனும் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளை கை வைத்தாள் என்றதும் அவர்களுக்குக் கணக்கு முடிந்துவிட்டது. அதே இடத்தில் ஒரு பையன் நின்றிருந்தால் நாலு சுற்று எப்படி ஓடிச்சு, ஆயில் என்ன ஆயில் என்று கிண்டிக் கிளறி என் டின்வரைக்கும் வந்திருப்பார்கள். அந்த ஆட்களின் அசட்டுத்தனத்துக்குள் நான் போய் ஒளிந்துகொண்டேன். பத்து நாள் கழித்து நீ சாப்பிடாமல் உட்கார்ந்து, அப்பா, உள்பக்க நிப்பிள்ல ஒரு குமிழ் மாட்டியிருக்குமோ, நான் ஒழுங்கா பார்க்கலையோ என்று கேட்டாய். இருக்கலாம் என்றேன். புதுசு என்றதுகூட வாய் பழக்கத்தில் வந்ததுதான், இதை நான் யோசித்துச் சொன்னேன். உனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, இருபத்து மூன்றாவது பிறந்தநாளுக்கு நீ அயர்லாந்தில் இருந்தாய். ஊரில் வேலை இல்லை, எல்லாப் பிள்ளைகளும் போகிறார்கள் என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அரசாங்கத்தைத் திட்டினேன், கட்சிகளைத் திட்டினேன், அதில் பொய் ஒன்றும் இல்லை, ஆனால் என் பிள்ளையை அனுப்பியது அவர்கள் இல்லை.

அம்மாவிடம்தான் முதலில் சொன்னேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து முழுக்கக் கேட்டாள். லெட்டர் போட்ட ரசீதோட வா, அதுக்கப்புறம் நமக்குள்ள பேச்சு என்று எழுந்து போய்விட்டாள், அன்றிலிருந்து பொலென்டாக் களியைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விடுகிறாள். வியாழக்கிழமை டாக்டர் லோவ்ரோவின் பல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் இருக்கிற பெண் எந்தப் பல் என்றாள், பல் இல்லம்மா என்றேன், அப்ப எதுக்கு வந்தீங்க என்றாள், ஒருவழியாக உள்ளே விட்டாள். அவர் இன்னும் வலது காலை இழுத்துத்தான் நடக்கிறார். உட்கார வேறு நாற்காலி இல்லை, நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தே சொன்னேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைத் திட்டுவார் என்று இருந்தேன். என் கால் கிடக்கட்டும், ஓட்டத் தெரியாம ஓட்டினவன் நானும்தான், உங்க பொண்ணு ஆஸ்பத்திரிக்கு என்னைப் பார்க்க வந்தா, தெரியுமா உங்களுக்கு என்றார். தெரியாது என்றேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டு வந்தா, கால்மாட்டுல நின்னு மன்னிச்சிடுங்க டாக்டர்னா, இனி ஜென்மத்துல பிரேக்கைத் தொடாதே, தொட்டா உன்னால யாராவது செத்துடுவாங்கன்னு சொல்லி அனுப்பினேன், சரி டாக்டர்னுட்டுப் போயிட்டா என்றார். நீ இதை எங்களிடம் சொல்லவே இல்லை, மகளே. நான் செய்ததற்கு நீ போய் அவர் கால்மாட்டில் நின்றிருக்கிறாய்.

சனிக்கிழமை மேட்டிலிருக்கிற பந்தயத் தடத்துக்குப் போனேன். காலையில் ஓட்டுகிறவர்களையெல்லாம் நிறுத்தி விதி சொல்வார்களே, அங்கே டுயிலியோவிடம் இரண்டு நிமிஷம் கேட்டு ஒலிபெருக்கியை வாங்கினேன். டின்னையும், மூன்று மிச்சத்தையும், உன் கேள்வியையும், என் பதிலையும் அப்படியே சொன்னேன். நாற்பது பேர் இருந்தார்கள், பாதிப்பேருக்கு அந்த மஞ்சள் காரே தெரியாது. ஒருவன் கையைத் தூக்கினான், ஏதோ கேட்கப் போகிறான் என்று பார்த்தால், ஒன்பது மணிக்கு ஆரம்பிச்சிடுவீங்கல்ல என்கிறான். அவ்வளவுதான் அவர்களுக்கு. டுயிலியோ மட்டும் என்னை வண்டி நிறுத்துகிற இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான். மூணு வருஷமா நாக்கை எங்கடா வச்சிருந்த, பாவி, நானும் கேட்கலையே, எனக்கும் தெரியுமேடா, நாலு சுத்து ஓடுச்சேன்னு எனக்கும் தோணுச்சேடா என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதான், பிறகு தடத்தில் வேலை செய்கிற பட்டறைகளின் பட்டியலிலிருந்து நம் பெயரை அவனே அடித்தான். அடிக்க வேண்டியதுதான். இனி எனக்கு லாரியும் வேனும் போதும்.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்று, தப்பு உன் வேலையில் இல்லை, என் ஆயிலில்தான் என்று டுயிலியோ எழுதிக் கையெழுத்துப் போட்டது. இன்னொன்று டாக்டர் லோவ்ரோ உனக்கு எழுதியது, அதை நான் பிரிக்கவில்லை. டிப்போவில் காட்ட வேண்டும் என்றால் காட்டு, வேண்டாம் என்றால் நீ மட்டும் படி. என்னை மன்னிக்கச் சொல்லி இதை எழுதவில்லை, அந்த வேலையை உன் தலையில் வைக்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஊருக்கு வா என்றும் கூப்பிடவில்லை, வந்தால் என்ன இருக்கிறது இங்கே. மழையில் நனையாதே, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அம்மா தனியாக அனுப்புகிறாள். நீ நல்லபடியாக இருக்க வேண்டும், நீ ஏற்றி அனுப்புகிறவர்களெல்லாம் வீடு போய்ச் சேர வேண்டும். எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. முப்பதாம் தேதி வியாழக்கிழமை, அதற்கு முன்பு டிப்போவில் உன் பெயரைக் கொடுத்துவிடு.

உன் அப்பா,
வியேகோஸ்லாவ்