கேனில் மிஞ்சிய தண்ணீர்

ஈசா டவுன், பஹ்ரைன்
5-7-1986

அன்புள்ள அத்தானுக்கு,

நான் சுகம். சோஹாரில் உங்கள் சுகம் அறிய ஆவல்.

பாலைவனத்துக்குள்ளே சைட் டூட்டி, அதுவும் ஒற்றை வண்டியில் போகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். வெயிலில் சுருண்டவர்களை வார்டில் தினமும் பார்க்கிறவள் சொல்கிறேன். போகிற வழியைக் கேம்ப்பில் சொல்லிவிட்டுப் போங்கள். தண்ணீரைத் தாராளமாக ஏற்றிக்கொள்ளுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்காதீர்கள், அதன் நிழலிலேயே இருங்கள். பதில் போடத்தான் உங்களுக்கு எப்போதும் சோம்பல்.

உங்கள்
செல்வி

சோஹார், ஓமன்
2-8-1986

அன்புச் செல்விக்கு,

மாதா கிருபையால் உயிரோடு எழுதுகிறேன். பாதிப் புண்ணியம் உன் கடிதத்துக்கு.

சைட்டிலிருந்து திரும்பும்போது வண்டி மணலில் புதைந்துவிட்டது. கூட வந்தவன் ஹெல்ப்பர் சோலையப்பன், சிவகங்கைப் பக்கத்துப் பையன். இருந்தது ஒரு கேன் தண்ணீர். அவனுக்கோ முந்தின நாளிலிருந்தே வயிற்றுப்போக்கு. "அண்ணே, ஒரு மடக்கு தாங்கண்ணே, நாக்கு ஒட்டுது" என்று ஒரே நச்சரிப்பு. "குடிச்சாக் கக்கிருவ, பேசாமக் கெட" என்று கேனை என் காலடியில் வைத்துக்கொண்டேன். அவன் வயிற்றில் தங்காத தண்ணீர் வீண்தானே?

மறுநாள் தண்ணீர் தேடி நடந்துவிட்டான். நீ எழுதினபடி நான் வண்டியைவிட்டு நகரவில்லை. சாயங்காலம் ஒரு அரபிக் கிழவர் பிக்கப்பில் வந்தார். மணலில் போன கால்தடத்தைக் காட்டி, "ரஃபீக்?" என்று கேட்டார், கூட்டாளி எங்கே என்று. "மாஃபி", யாரும் இல்லை என்று கையை விரித்துவிட்டேன். தேடப்போய் அவர் வண்டியும் புதைந்தால் மூன்று பேரும் போக வேண்டியதுதான். கேம்ப்புக்கு வந்ததும் சொல்லத்தான் செய்தேன். காலையில் போய்ப் பிணமாகத்தான் எடுத்தார்கள். கேனில் பாதி மிச்சம் இருந்தது, என் சிக்கனத்தைப் பார்த்துக்கொள்!

அவன் சம்சாரம் சுந்தரம்பாள் எப்படி நடந்தது என்று கேட்டு எழுதியிருக்கிறது. ஜன்னி கண்டு, தடுக்கத் தடுக்க ஓடிவிட்டான் என்று நீ இரண்டு வரி எழுதிப் போடு. நர்ஸ் எழுதினால் நம்பும். விலாசம் பின்பக்கம் இருக்கிறது.

அன்புடன்
பத்திநாதன்

ஈசா டவுன்
19-8-1986

பத்திநாதன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தபோது குமட்டிக்கொண்டு வந்தது. சீழும் மலமும் துடைக்கிற கை இது. எந்த நோயாளியிடமும் நான் முகம் சுளித்ததில்லை. உங்கள் காகிதத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன்.

வயிற்றுப்போக்குக் கண்டவனுக்குத்தான் தண்ணீர் முதலில். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்திருந்தால் தங்கியிருக்கும். அது உங்களுக்குத் தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கிழவர் கால்தடத்தைக் காட்டிக் கேட்டாரே, அதற்கு "மாஃபி" என்றது தெரியாமலா? பயந்துவிட்டேன் செல்வி என்று ஒரு வரி இருந்திருந்தால் உங்களோடு சேர்ந்து அழுதிருப்பேன். சிக்கனமாம்! தூ.

சுந்தரம்பாளுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். உங்கள் கடிதத்தையும் அதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். வாசித்துச் சபித்தால் சபிக்கட்டும், அந்தப் பெண்ணுக்கு அந்த உரிமையாவது இருக்கட்டும்.

லீவுக்கு இங்கே வராதீர்கள். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு இனி எனக்கு இறங்காது.

அருள்செல்வி