தறிக்கூடத்தில் படித்த கடிதங்கள்

என் உயிருக்குயிரான மாராயிக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு நடந்த நல்லதையெல்லாம் முதலில் சொல்லிவிடுகிறேன். பெரிய பேரனுக்கு மேட்டூர் அணையில் ஓவர்சீயர் வேலை கிடைத்துவிட்டது. சின்னவன் கணக்கில் பள்ளிக்கூடத்துக்கே முதல். மகள் வயிற்றுப் பேத்தி சரசுதான் நம் எடப்பாடித் தெருவிலிருந்து சேலத்துக் காலேஜுக்குப் போன முதல் பெண். அது உனக்கே தெரியும். பஸ் ஏற்றிவிட நீயும்தானே வந்தாய்.

இனிமேல் எழுதப்போவதை உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடியும், மாராயி.

சரசுவின் கடிதம் வந்தால், தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டுத் தறிக்கூடத்தில் எல்லாருக்கும் உரக்கப் படிப்பேனே! ஐந்தாவது படித்தவள் என்ற பெருமை எனக்கு. 'பாடமெல்லாம் சுலபம் அம்மாயி, டீச்சர்கள் பாராட்டுகிறார்கள்' என்றுதான் எல்லாக் கடிதத்திலும் இருக்கும். ஒருநாள் நீ கேட்டாய்.

"ஏனுங்கக்கா, புள்ளைக்கு ஒரு தலவலிகூட வராதா? எப்பப் பாத்தாலும் நல்லாருக்கேன், நல்லாருக்கேன்னே எழுதறா?"

"உன்ற ஊட்டுல படிக்கிற புள்ள இல்லீன்னு வயித்தெரிச்சலா?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். நான்கு நாள் உன்னோடு பேசவில்லை. பிறகு பேசினோம். ஆனால் நீ கேட்டதை நான் யோசிக்கவே இல்லை. அதற்குள் நீயும் போய்விட்டாய்.

போன வாரம் விடுதி வார்டனம்மா வரச்சொல்லி எழுதியிருந்தார். போனேன். ஒரு மாதமாக சரசு வகுப்புக்கே போகவில்லையாம்! பதினோராம் வகுப்பு வரை தமிழில் படித்தவள், காலேஜில் முதல் வருஷம் பி.யு.சி.யில் எல்லாமே இங்கிலீஷ். ஒருநாள் கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றாளாம், பிள்ளைகள் சிரித்துவிட்டார்களாம்.

"இப்படி வருகிற பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தனி வகுப்பு வைத்திருக்கிறோம் பாட்டி. வீட்டில் கையெழுத்து வாங்கி வா என்றால் மாட்டேன் என்கிறாள்" என்றார் வார்டனம்மா.

சரசு இளைத்து, பாதியாகிக் கிடந்தாள். "ஏஞ் சாமி, எனக்கு ஒரு வரி எழுதியிருக்கலாமல்ல?" என்றேன்.

"எப்படி எழுதறது? நீங்க தறிக்கூடத்துல படிச்சுருவீங்கல்ல!"

அங்கிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. பிள்ளை என்னிடம் அழுவதற்கு வழியில்லாமல் பண்ணியது நானா? உனக்குத் தெரிந்தது எனக்கு ஏன் தெரியாமல் போனது?

"ஊட்டுக்குப் போயரலாமா சாமி?"

"போனா எல்லாருகிட்டயும் என்னன்னு சொல்லுவீங்க?"

"ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்."

அப்போதுதான் அழுதாள். நெடுநேரம் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, "அந்தச் சாயங்கால வகுப்புக்குப் போய்ப் பாக்கறேன் அம்மாயி" என்றாள். வார்டனம்மா நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், மாராயி. இனி அவள் கடிதத்தை நான் ஒருத்திதான் படிப்பேன். என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

புறப்படும்போது அவளிடம் ஒன்றுதான் கேட்டேன்: "புதுசா ஒரு போட்டோ எடுத்துத் தபால்ல அனுப்பு சாமி. சிரிக்கோணும்னு இல்ல. மூஞ்சி எப்படி இருக்குதோ, அப்படியே எடு."

உன்னிடம் மன்னிப்புக் கேட்காமலே விட்டுவிட்ட,
கூடப் பிறக்காத அக்கா
ராமாயி