நம் பள்ளிக்கூடத்தின் முதல் ரேங்க்

மருமகளுக்கு,

சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. பிள்ளையும் அங்கேதான் விளையாடுகிறாள்.

"உங்க தாத்தா இடம் குடுத்த ஸ்கூலுங்கிறதுக்காக எம் பொண்ணு அங்கேயே கெடக்கணுமா மாமா?" என்று நேற்று கேட்டாய். நான் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். இரண்டும் அரசுப் பள்ளிதான், நீ சேர்க்கச் சொல்லும் ஆற்றுக்கு அக்கரைப் பள்ளி ஒன்றும் உசத்தியில்லை என்று உனக்குக் காட்டத்தான் இன்று அவளை அங்கே கூட்டிப்போனேன்.

அங்கே டீச்சர் மூன்றாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கச் சொன்னார். ஐந்தாம் வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் நம் பிள்ளை, படத்தைப் பார்த்துக் கதை சொன்னாள். ஒரு வரிகூட வாசிக்கத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் நம் பள்ளி வாத்தியாரைப் பிடித்துக் கேட்டேன்.

"உங்க வீட்டுப் பிள்ளைய எப்படிங்க ஐயா ரெண்டாவதா போடறது? உங்களுக்குத் தலைகுனிவாயிடாதா?" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

டி.சி. வாங்கப் போகிறேன். நீ போக வேண்டாம். ஊர் உன்னைத்தான் பேசும். பெரியவரே மாற்றிவிட்டார் என்று பேசிக்கொள்ளட்டும்.

எனக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம். நேற்றைய கோபம் இல்லை.

ஒன்று விட்டுப்போனது. அக்கரையில் பெயர் ஐந்தாம் வகுப்பில் இருந்தாலும், வாசிக்க வரும்வரை மூன்றாம் வகுப்பில்தான் உட்கார வைப்பார்களாம். உன்னைக் கேட்காமலே சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு இன்னும் தெரியாது. "அந்த ஸ்கூல்லயும் நான்தானே தாத்தா ஃபர்ஸ்ட்?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். நீயே சொல்லிவிடு.

மாமா